மந்திரி வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு

ஜூலை 14, திங்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது.

வாசலில் ஜீப். ஜெபராணி என்று ஒரு எஸ்.ஐ. அம்மா, நான்கு ஆயுதப்படைக் காவலர்கள், ஒரு கூடாரம், ஆளுயர மெட்டல் டிடெக்டர் ஒன்று. "நீங்கதான சார் மந்திரி மேடம் வீட்டுக்காரர்?" என்றார் எஸ்.ஐ. வாயில் நுரையோடு தலையாட்டினேன். "இன்னையிலருந்து உங்களுக்கு இருபத்திநாலு மணி நேரமும் பாதுகாப்பு." கொப்பளிக்கவாவது தனியே விடுவீர்களா என்று கேட்க வந்து, நுரையை விழுங்கிவிட்டேன்.

உடனே சென்னைக்குப் போன் போட்டேன். என் மனைவி ஆவுடையம்மாள் மந்திரியாகி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. சின்னத் துறைதான். பெயரைச் சொன்னால் "அப்படியொரு துறை இருக்கா?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். வாரம் முழுக்கச் சென்னையில் இருப்பாள், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சங்கரன்கோவிலுக்கு வருவாள். நான் இங்கே விலங்கியல் வாத்தியார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை.

"ஒரு மிரட்டல் லெட்டர் வந்திருக்குங்க" என்றாள். "குடும்பத்தையும் சேர்த்து எழுதியிருக்கான்."

"குடும்பம்னா நான் ஒருத்தன்தான. என்னன்னு எழுதியிருக்கான்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அவங்க சொல்றபடி கேட்டு நடங்க. சாப்பிட்டாச்சா?"

என்னைக் கொல்ல யாருக்கு என்ன முகாந்திரம் இருக்கும் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். செய்முறைத் தேர்வில் நான் மார்க் குறைத்த நான்கு பேர் நினைவுக்கு வந்தார்கள். அதில் ஒருவன் இப்போது பல் டாக்டர். அவனிடம் போகாமல் இருந்தால் போதும்.

ஜூலை 15, செவ்வாய்

கூடாரத்தின் முளையை என் பிச்சிக்கொடியின் தலையிலேயே அடித்திருக்கிறார்கள். பால்காரம்மா டிடெக்டருக்குள் நுழைந்ததும் அது கத்தியது. கேனை இறக்கிவைத்துவிட்டு நுழைந்தார். அப்போதும் கத்தியது. "மெட்டி, கொலுசு, இடுப்புச் சாவி எல்லாத்தையும் கழத்தணுமாக்கும்? நாளையிலருந்து பாலில்லாமக் கருப்பட்டிக் காப்பி குடிங்க" என்று சொல்லிப் பாலை வெளியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மனு கொண்டுவருகிறவர்களும் இன்று யாரும் வரவில்லை. தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

ஜூலை 16, புதன்

ஜெபராணியம்மா ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். தினமும் ஒரே நேரத்துக்கு நான் போகும் இடங்களையெல்லாம் சொல்ல வேண்டுமாம். எதிரி அதைத்தான் கவனிப்பானாம்.

ஐந்தரைக்கு நடை, ஆறேகாலுக்கு டீ, ஒன்பது பத்துக்குப் பள்ளி. புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சுடலைமணி கடையில் சவரம்.

"எத்தனை வருஷமா அங்க போறீங்க?"

"பதினோரு வருஷமாம்மா."

"ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே நாற்காலி. கழுத்துல கத்தி வேற." எஸ்.ஐ. பேனாவை மூடினார். "சார், உங்களைக் கொல்லணும்னா நானே அங்கதான் வருவேன்."

நடையை மாற்றிக்கொள்கிறேன், டீயை விட்டுவிடுகிறேன், சவரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். முடியாது என்றார். சுடலைமணியின் அப்பாவையும் எனக்குத் தெரியும் என்றேன். அதற்கும் முடியாது என்றார். நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது. ஒரு சவரத்துக்கு மனுஷன் இவ்வளவு சண்டை போடுவானா என்பதுபோலப் பார்த்தார்.

ஏழு மணி போய்விட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் காத்திருந்திருப்பார்.

ஜூலை 18, வெள்ளி

என்கூடவே நடக்க மாசானமுத்து என்ற ஏட்டு. கழிவறை வாசல் வரை வருகிறார். பிளஸ் டூ வகுப்பில் கடைசி பெஞ்சில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அப்படியொரு அமைதியை நான் வகுப்பில் கண்டதில்லை. "தவளை இதயத்துக்கு எத்தனை அறை?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "மூணு சார்" என்றது கடைசி பெஞ்சு. பையன்கள் கைதட்டினார்கள். ஏட்டய்யாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

நல்ல மனுஷன். ஆனால் நான் யாரிடம் பேசினாலும் உடனே நோட்டில் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறார்.

ஜூலை 23, புதன்

சவரம் வீட்டிலேயே நடந்தது. ஆயுதப்படை மைதானத்திலிருந்து, நற்சான்று உள்ள ஒருவரை ஜீப்பில் கூட்டிவந்தார்கள். அவர் இதுவரை பயிற்சிக் காவலர்களுக்குத்தான் வெட்டியிருக்கிறார். சவரம் மட்டும் போதும் என்று சொல்லி முடிப்பதற்குள் பின்மண்டை போய்விட்டது. பள்ளியில் தலைமையாசிரியர் என்னைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

ஜீப்பில் வந்தவருடைய கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். அதில் என் மூஞ்சி மட்டும்தான் தெரிகிறது.

ஜூலை 24, வியாழன்

சுடலைமணி பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தான். "அண்ணாச்சி, ரெண்டு புதனா அவிய வந்து உக்காந்துருக்காவ. நேத்து முகத்துல சோப்பைப் போட்டுட்டேன். 'கொஞ்சம் பொறு, அவன் வந்துரட்டும்'னுட்டாவ. சோப்பு காஞ்சு, ரெண்டு தடவ போட்டேன். நீங்க வரலை."

போன் வைத்திருக்கும் இடத்தில் ஏட்டய்யா நின்றிருந்தார். "சரிப்பா, தேர்வுத் தேதி அப்புறம் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

என் சொந்த நாட்குறிப்பில் நானே ஒளிந்து விளையாடுவது கேவலமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் அண்ணன், கோமதிநாயகம். உடன்பிறந்த ஒரே அண்ணன்.

அண்ணன் எதிர்க்கட்சியில் நகரச் செயலாளர். ஒரு காலத்தில் நாங்கள் எல்லோருமே ஒரே கட்சிதான். ஆவுடையை எனக்குப் பெண் பார்த்து முடித்ததே அண்ணன். பதினோரு வருடத்துக்கு முன்னால் கட்சி மாறினார். அந்த உள்ளாட்சித் தேர்தலில் ஆவுடை வார்டுக்கு நின்றாள். மேலரதவீதியில் மேடை போட்டு, மைக்கில், "கரண்டி பிடிக்கத் தெரியாம என் தம்பியைப் பட்டினி போட்டவளுக்கு ஊர்ச் சாவி கேக்குதோ" என்று அண்ணன் பேசினார். ஊரே சிரித்தது. ஆவுடை ஜெயித்தாள், ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு கட்சிகளிலும் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: எதிர்க்கட்சிக்காரன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகிறவன் பெயர் அடுத்த நாளே தலைமைக்குப் போய்விடும்.

அதனால்தான் சுடலைமணி கடை. அங்கே இரண்டு நாற்காலி, எதிரே ஒரே கண்ணாடி. சந்தித்தோம் என்று யாரும் சொல்ல முடியாது, ஒரே நேரத்தில் சவரம் செய்துகொண்டோம், அவ்வளவுதான். முகத்தைத் திருப்பாமல் கண்ணாடியைப் பார்த்தே பேசிக்கொள்வோம். சர்க்கரை எவ்வளவு, அண்ணன் வீட்டு மைனிக்கு மூட்டுவலி எப்படி, செண்பகா என்ன சொல்கிறாள், எல்லாம்.

செண்பகா அண்ணன் மகள். சண்டைக்கு முன்னால் பள்ளி விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். ஆவுடைதான் தலை பின்னிவிடுவாள். இப்போது ஆகஸ்ட் 29 அவளுக்குக் கல்யாணம். சித்தப்பன் இல்லாமல் அவள் கழுத்தில் தாலி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்தவனுக்கு வாய் வார்த்தையாகவோ போனிலோ சொல்ல மாட்டார்கள். வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகை வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். "ஆடியில கொடுக்கக் கூடாதுல. ஆவணி பிறக்கட்டும், இந்தக் கடையில வச்சே தாரேன்" என்று கண்ணாடியில் சொன்னார். போனில் பேசவும் மாட்டார். யாராவது பதிவு செய்து டீவியில் போட்டுவிடுவார்கள் என்று பயம். நான் இங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனால் ஏட்டய்யா நோட்டில் எழுதுவார், ஆவுடைக்குச் சிக்கல். என்ன செய்ய என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மோப்ப நாய் வந்து வீட்டைச் சோதித்தது. வெடிகுண்டு இல்லை. சம்படத்திலிருந்த முறுக்கும் இப்போது இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித் தபசு. ஊரே கோயில் வாசலில். எனக்குப் போக அனுமதி இல்லை, கூட்டத்தில் கண்காணிக்க முடியாதாம். சேலத்திலும் தருமபுரியிலும் இருப்பவர்கள்கூட வந்து பார்க்கும் திருவிழாவை, கோயிலுக்கு அரை மைலில் இருக்கும் நான் உள்ளூர் கேபிளில் பார்த்தேன்.

ஆவுடை வந்திருந்தாள். டீவியில் நன்றாகவே தெரிந்தாள். விளைச்சல் கொண்டுவந்த சம்சாரிகள் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அம்மன்மேல் வீசும் இடத்தில் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் ஒரு போலீஸ் இல்லை. யாரோ வீசிய பருத்தி அவள் தோளில் விழ, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

லெட்டர் எழுதியவன் எழுதியது அவளுக்கு. காவல் எனக்கு. அரசாங்கக் கணக்கு எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை.

ராத்தங்காமல் சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது என் பின்மண்டையைப் பார்த்துச் சிரித்தாள். தடவியும் பார்த்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ஏட்டய்யாவின் நோட்டு எங்கே போகிறது என்று இன்று சும்மா கேட்டேன். தினமும் சாயங்காலம் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறாராம்.

"எஸ்.பி. ஆபீசுக்கா?"

"இல்ல சார். மேடத்தோட பி.ஏ.வுக்கு."

பாவம், இருக்கிற வேலையில் இதையும் அவள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று எழுதியே ஆக வேண்டும். எழுத்து கோணலாக வரும், பரவாயில்லை.

பள்ளிக்குக் கிளம்பும்போது ஏட்டய்யா முகத்தில் ஒரே சந்தோஷம். "சார், ஒரு மாசமா வெட்டியா உக்காந்திருக்கோமேன்னு எங்களுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. நேத்து அந்த ஆளு வந்துட்டான் சார். நீங்க குளிச்சுட்டு இருந்தீங்க. உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லலை. மடக்கித் திருப்பி அனுப்பிட்டோம்."

"எந்த ஆளு?"

கூடாரத்துக்குள் கூட்டிப்போனார். கம்பத்தில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. அதன் கீழே, 'உள்ளே அனுமதிக்கக் கூடாத நபர்'. ஒரே ஒரு போட்டோ. என் அண்ணன். மாலையும் சந்தனமுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் தோளில் ஒரு கை கிடக்கிறது. கைக்குச் சொந்தக்காரனை வெட்டிவிட்டார்கள். அது என் கை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் உள்ள படம் அது. அந்த ஆல்பம் பீரோவில், ஆவுடையின் பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

"என்ன கொண்டுவந்தார்?"

"தட்டு மாதிரி ஏதோ வச்சிருந்தான் சார். துணி போட்டு மூடியிருந்துச்சு. கூட ஒரு வயசான அம்மா. நான் போட்டோவைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். அவனும் போட்டோவைப் பார்த்தான். திரும்பி நடந்துட்டான். அந்த அம்மாதான் அழுதுச்சு."

இவர்கள் எல்லோரும் வெளியூர் ஆட்கள். அண்ணனைத் தெரியாது. நேற்று ஆவணி ஒன்று. ஆடி முடியும்வரை பொறுத்திருந்து, சுடலைமணி கடைக்கு இனி நான் வரமாட்டேன் என்றாகிவிட்டதால், பதினோரு வருடம் கழித்து என் அண்ணன் வீறாப்பையெல்லாம் விட்டுவிட்டு என் வீட்டு வாசலுக்குத் தட்டோடு வந்திருக்கிறார். முதல் பத்திரிகை எனக்குத்தான் வைத்திருப்பார். எனக்குத் தெரியும்.

ஏட்டய்யா பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வயிறு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்தேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சுடலைமணியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். போலீஸ் வைத்ததும் எனக்குத் தெரியாது, போட்டோ வைத்ததும் எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூட மதில் பக்கம் வந்து பதில் சொன்னான்.

"'என் போட்டோ அவன் வீட்ல இருந்துதானல போயிருக்கும். இதுக்கு மேல என்ன தெரியணும்'னுட்டாவ அண்ணாச்சி. மைனி மட்டும் வாசல் வரைக்கும் வந்தாவ. 'சாப்பிடுதானா'ன்னு கேட்டாவ."

ஆகஸ்ட் 23, சனி

ஆவுடை வந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு அந்த வெட்டின போட்டோவை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏட்டய்யாவிடம் கேட்டு வாங்கிவந்திருந்தேன்.

பார்த்தாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுக்கவில்லை. அவளிடம் எனக்கு எப்போதும் பிடித்தது அதுதான், பிடிபட்டால் பொய் சொல்ல மாட்டாள்.

"மிரட்டல் லெட்டர்?"

"அப்படி ஒண்ணும் வரலை."

தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். சுடலைமணி கடைக் கண்ணாடி. அண்ணனும் நானும், இரண்டு பேர் முகத்திலும் நுரை, இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். யாரோ தெருவிலிருந்து எடுத்துத் தலைமைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல படம். எனக்கும் அனுப்பு என்று கேட்க வாய் வந்தது.

"'உங்க வீட்டை முதல்ல சரிபண்ணுங்க'ன்னு சொன்னாங்க. செப்டம்பர்ல மந்திரிசபை மாறுது. எனக்கு எதிரா நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா 'சரி ஆவுடை'ன்னு ஒரே வார்த்தையில நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அது உங்களுக்குத் தோணும். போலீஸ்காரன் தடுத்தா போலீஸ்காரனை வஞ்சுட்டுப் போயிருவீங்கன்னு நினைச்சேன்."

உண்மைதான். ஒரு மாதமாக ஜெபராணியம்மாவைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"உனக்கு எப்பத் தெரியும்? புதன்கிழமை விஷயம்?"

"பதினோரு வருஷமாத் தெரியும். புதன்கிழமை மட்டும் காப்பி நல்லாருக்குன்னு சொல்லுவீங்க."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் அந்தக் காப்பிகள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் விடவில்லை. "அண்ணன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு ஆவுடை. தட்டோட."

"வந்தார்னு ரிப்போர்ட்ல படிச்சேன்" என்றாள். போட்டோவை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "தட்டோடன்னு எழுதலை."

"நான் கல்யாணத்துக்குப் போனா?"

"பதவியை எடுத்துருவாங்க."

"ஒரு கல்யாணத்துக்குப் போனதுக்கா?"

"இருபது வருஷம் போஸ்டர் ஒட்டி, பூத்துல உக்காந்து, அடிவாங்கி வந்த பதவிங்க. உங்க அண்ணன் மைக்குல ஊரைச் சிரிக்க வச்சாரே, அதுக்குப் பதில் சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு?" எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "இருபத்தொன்பதாம் தேதி நீங்க போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலேயே கிளம்பிவிட்டாள். நாங்கள் பேசிக்கொண்டது மூன்றே வார்த்தை. குடை எடுத்தாச்சா என்றேன். எடுத்தாச்சு என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போனால் அவளுக்குப் பதவி போகும். போகாவிட்டால் எனக்கு அண்ணன் போவார். வகுப்பில் பாலூட்டிகளும் பறவைகளும் குழம்பிப்போய், வௌவாலை முட்டையிட வைத்தேன். ஏட்டய்யாதான் திருத்தினார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தால் கூடாரம் இல்லை. டிடெக்டரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆபத்து நீங்கிட்டதா லெட்டர் வந்திருக்கு சார்" என்றார் ஜெபராணியம்மா.

"யார் கண்டுபிடிச்சா?"

"மேடமே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. பாதுகாப்பு இனிமே தேவையில்லைன்னு."

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றிக்கொண்டு தனியாக வந்தார். விஷயம் எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. "சார், அவங்க உங்க கூடப்பிறந்தவங்கன்னு தெரிஞ்சிருந்தா என் கையாலயே தட்டை வாங்கிக் கொண்டாந்து உங்க கையில கொடுத்திருப்பேன் சார்." உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லி ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவர்கள் போனபின் ஆவுடைக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. 'மீட்டிங்' என்று ஒரு வரி மட்டும் வந்தது. அவளுக்கு அழுகை வந்தால் எப்போதும் மீட்டிங்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போனேன்.

பத்திரிகை இல்லை, காவல் இல்லை. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு நடந்தே போனேன். மண்டபத்து வாசலில் அந்தக் கட்சிக் கொடி. முன்வரிசையில் அவர்களுடைய மாவட்டச் செயலாளர், சுற்றிலும் கரைவேட்டிகள். நான் படியேறியதும் மேளச் சத்தம் தவிர மற்ற எல்லாச் சத்தமும் நின்றது. நாலா பக்கமும் செல்போன்கள் உயர்ந்தன. இந்தப் படங்கள் நான் பாயசம் குடிப்பதற்குள் சென்னைக்குப் போய்விடும் என்று தெரியும்.

அண்ணன் வாசலில் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கூப்பின கையை எடுக்காமல், "வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

ஐம்பத்தெட்டு வருடத்தில் என் அண்ணன் என்னை 'ஏல' என்று கூப்பிட்டிருக்கிறார், 'மூதி' என்று கூப்பிட்டிருக்கிறார், ஒரு தடவை செருப்பால் எறிந்திருக்கிறார். 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஆறாவது வரிசையில், யாரோ இரண்டு சம்பந்தக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

பெண்ணை மணவறைக்கு அழைத்துவந்தார்கள். செண்பகா உட்காரவில்லை. மாலையும் கழுத்துமாக நின்று மண்டபத்தைக் கண்ணால் துழாவினாள். ஐயர் "உக்காரும்மா, முகூர்த்தம் ஆகுது" என்றார். "சித்தப்பா வரட்டும்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். மைனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் மாவட்டச் செயலாளரைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் வரிசைகளுக்கு நடுவே விறுவிறுவென்று என் முன்னால் வந்து நின்றார்.

"ஏல, பிள்ள அங்க நிக்குது, நீ இங்க சட்டமா உக்காந்திருக்க. எந்திரில."

எழுந்து நின்றேன். "அண்ணா, அந்த வாசல்ல நடந்தது..."

"பொறவு அடிக்கேன் உன்னை. நட."

மேலே ஏறினேன். தாலி கட்டும்போது செண்பகா தலையில் முதல் அட்சதை என் கையிலிருந்துதான் விழுந்தது. கண்ணாடி இல்லாமல், அண்ணன் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க நின்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன், போட்டோக்காரன் இரண்டு பேரையும் சிரிக்கச் சொன்னான்.

செப்டம்பர் 1, திங்கள்

மந்திரிசபை மாற்றம். விடுவிக்கப்பட்டவர்கள் மூன்று பேர். ஆவுடையின் பெயரை மூன்றாவதாகச் சொன்னார்கள். படத்தைக்கூடப் போடவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை ரயிலில் வந்தாள். கொடிக் கார் இல்லை, பி.ஏ. இல்லை. இரண்டு பெட்டி, ஒரு குடை. ஸ்டேஷனில் நானே தூக்கிக்கொண்டேன். தெரிந்தவர்கள் பலர் இன்றைக்கென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆட்டோவில் வைத்துச் சொன்னேன். "என்னாலதான எல்லாம்."

"போலீஸை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாரு? நான்தான. பேசாம வாங்க." கொஞ்ச தூரம் போனதும், "முகூர்த்தச் சேலை என்ன கலரு?" என்றாள்.

யோசித்தேன். "சிவப்பு மாதிரி... இல்லை, ஒரு மாதிரி அரக்கு..."

"மந்திரி பதவியைத் தொலைச்சுட்டுப் போய் நின்ன மனுஷன் சேலையைக்கூடப் பாத்துட்டு வரலியா?" என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வைதாள்.

செப்டம்பர் 4, வியாழன்

மறுவீட்டுக்குச் செண்பகா வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் கிளம்பும்போது ஆவுடை பெட்டியைத் திறந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்தாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. "நிச்சயம் ஆச்சுன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே வாங்கினேன்" என்றாள். "சின்ன வயசுல இந்தக் கலருக்குத்தான் அழுவா." வேறொன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் வேகமாக நடந்தவள் அண்ணன் தெருவுக்குள் நுழைந்ததும் பின்தங்கிவிட்டாள். "நீங்க முன்னால போங்க" என்றாள். இருபதாயிரம் பேர் கூட்டத்தில் பேசினவளுக்குக் கை சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆவுடையைப் பார்த்ததும் எழுந்தார். மைக் இல்லாமல் அண்ணனுக்கு நல்ல வார்த்தை சீக்கிரம் வராது. நாற்காலியைத் துண்டால் இரண்டு தடவை தட்டித் துடைத்து, அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, "ஏ பிரமு, ஆவுடை வந்திருக்கா" என்று உள்ளே மைனியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மைனிக்கு முன்னால் செண்பகா ஓடிவந்தாள். இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். பதினோரு வருடக் கோபம் அவளுக்கும் இருக்கும்தானே.

"ஏன் சித்தி என் கல்யாணத்துக்கு வரலை?"

சட்டசபையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள் சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேலை இருந்துச்சுடி."

"இப்போ?"

"இப்போ இல்லை" என்றாள் ஆவுடை. நாற்காலியை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து, செண்பகாவையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "நிச்சயத்தாம்பூலத்துல இருந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு" என்றாள்.